கால் தமனி பைபாஸ்: சொந்தச் சிரையே சிறந்த வழி

நீரிழிவு நோயும் புகைப்பழக்கமும் நெடுங்காலம் உள்ளவர்களுக்குக் காலுக்குச் செல்லும் தமனிகளில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து அடைப்பு ஏற்படுகிறது. தொடக்கத்தில் சிறிது தொலைவு நடந்தாலே கெண்டைக்கால் வலிக்கும். நின்றால் வலி நீங்கும். அடைப்பு முற்றினால் படுத்திருக்கும்போதும் பாதம் வலிக்கும். விரல் நுனி கருக்கத் தொடங்கும். கிளியனூர், திண்டிவனம் பகுதிகளில் வெறுங்காலுடன் வயலில் இறங்குவோர் பலர். இரத்த ஓட்டம் குறைந்த காலில் முள் குத்திய சிறு புண்கூட ஆறாமல், காலையே இழக்கும் நிலைக்குக் கொண்டுசெல்லக்கூடும்.

அடைப்பைத் தாண்டி இரத்தத்திற்குப் புதிய பாதை அமைப்பதே பைபாஸ் அறுவை சிகிச்சை. சாலை அடைபட்டால் மாற்றுப்பாதையில் வண்டிகளைத் திருப்பிவிடுவது போன்றது இது. 1948ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ழான் குன்லின் என்னும் மருத்துவர், நோயாளியின் சொந்தச் சிரையையே எடுத்து இப்பாதையை அமைத்தார். இன்றும் அதுவே முதல் தேர்வு.

பேச்சுவழக்கில் நாம் 'நரம்பு' என்று சொல்லும் இரத்தக்குழாயே சிரை. கணுக்காலின் உட்புறத்திலிருந்து தொடை வரை செல்லும் நீண்ட சிரை இதற்கு மிகவும் ஏற்றது. செயற்கைக் குழாயைவிட, குறிப்பாக முழங்காலுக்குக் கீழே, அது நெடுநாள் அடைபடாமல் இருக்கும்; கிருமித்தொற்றையும் நன்கு தாங்கும். ஐந்து நாடுகளில் 1,830 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில், இச்சிரை நல்ல நிலையில் இருந்தவர்களுள், பைபாஸ் செய்துகொண்டோரில் 42.6 விழுக்காட்டினருக்கும், பலூன், ஸ்டென்ட் போன்ற குழாய்வழிச் சிகிச்சை பெற்றோரில் 57.4 விழுக்காட்டினருக்கும் காலில் பெரும் பாதிப்போ மரணமோ நேர்ந்தது. எனினும், மற்றோர் ஆய்வில் முழங்காலுக்குக் கீழான அடைப்புகளுக்குக் குழாய்வழிச் சிகிச்சையே மேலாக இருந்தது. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவெடுக்கிறோம்.

பைபாஸ் நீடிப்பதற்குச் சில நுட்பங்கள் உதவுகின்றன. அறுவைக்கு முன்பே அல்ட்ராசவுண்ட் மூலம் சிரையின் விட்டத்தை அளந்து, தோலின் மேல் அதன் தடத்தைக் குறித்துக்கொள்கிறோம். சிரைக்குள் இரத்தத்தை இதயம் நோக்கி மட்டுமே விடும் வால்வுகள் உண்டு. எனவே சிரையைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்துகிறோம். அல்லது இருந்த இடத்திலேயே விட்டு, வால்வுகளைச் சிறு கருவியால் அறுத்துவிடுகிறோம். காலில் நல்ல சிரை இல்லாவிடில் மற்றொரு காலிலோ கையிலோ தேடுகிறோம். செயற்கைக் குழாய் தவிர்க்க முடியாதபோது, அதற்கும் தமனிக்கும் இடையே சிறு சிரைத்துண்டை வைத்துத் தைப்பது உண்டு. காயத்தை மூடும் முன் டாப்ளர் கருவியாலோ சாய எக்ஸ்ரேயாலோ இரத்த ஓட்டத்தைச் சோதித்து, குறை இருந்தால் அங்கேயே சரிசெய்கிறோம்.

எஞ்சிய பணி நோயாளியுடையதும் குடும்பத்தாருடையதும் ஆகும்.

இதய பைபாஸுக்கோ சுருள்சிரைக்கோ காலில் முன்பு அறுவை நடந்திருந்தால் தவறாமல் கூறுங்கள். அந்தச் சிரை ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கலாம். காலில் ஊசி, டிரிப்ஸ் ஏற்றுவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். பீடி, சிகரெட், புகையிலை ஆகியவற்றை முற்றிலும் விடுங்கள். ஆஸ்பிரின், கொழுப்பு குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்; பல் பிடுங்கும் முன்பும் இது பொருந்தும்.

பைபாஸில் சுருக்கம் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே உருவாகிறது. அப்போது வலி இராது. ஆகவே, கால் நன்றாக இருந்தாலும் குறித்த நாளில் ஸ்கேன் பரிசோதனைக்கு வந்துவிடுங்கள். முழுதாக அடைபடும் முன் கண்டறிந்தால் எளிதில் சரிசெய்யலாம்.

கால் திடீரென்று குளிர்ந்து, வெளுத்து, கடுமையாக வலித்தாலோ மரத்துப்போனாலோ, எண்ணெய் தேய்ப்பதும் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் கூடாது. உடனே 108ஐ அழையுங்கள். சில மணி நேரத் தாமதம்கூடக் காலை இழக்கச் செய்யும். விடியட்டும் என்று காத்திராதீர்கள்.