ஈளை நோயும் நீச்சலும்

கடல் மட்டத்திற்கு 6,000 அடிக்கும் மேலே அமைந்தது நுவரெலியா. அங்கும், அதற்குக் கீழேயுள்ள ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலும், மூடுபனி இறங்கத் தொடங்கியதும் ஈளை நோயுடையார் போர்வைக்குள் ஒடுங்குகின்றனர். ஆஸ்துமா, இழுப்பு, தொய்வு என்று பலவாறு வழங்குவது இந்நோயே. இஃதுள்ள பிள்ளை நீச்சல் தடாகத்தின் பக்கமே போகலாகாது என்பது பெற்றோர் பலரின் முடிவு. அம்முடிவு தக்கதுதானா?

ஈளை நோயில் மூச்சுக் குழல்களின் உட்சுவர் அழற்சியுற்றிருக்கிறது. தூண்டுதல் நேர்ந்ததும், குழலைச் சூழ்ந்த தசை இறுகிச் சளி பெருகி, காற்றுச் செல்லும் வழி ஒடுங்குகிறது. மேட்டில் ஓடியேறுபவர் வாயால் விரைந்து மூச்சு வாங்குகிறார். மூடுபனி ஈரமாய்த் தோன்றினும், குளிர்ந்த காற்றுத் தாங்கும் நீராவி குறைவே. அது குழல்களின் ஈரத்தைக் கவர்வதால் இழுப்பு எழுகிறது. வெதுவெதுப்பான தடாகத்து நீரின்மேல் நிற்கும் காற்றோ ஈரம் செறிந்தது; ஆகவே, ஓட்டத்தைவிட நீச்சல் பெரும்பாலும் இந்நோயாளருக்கு இசைவானது. இளமையிலேயே ஈளை நோயுற்றிருந்த ஆஸ்திரேலிய வீராங்கனை டோன் பிரேசர், 1956, 1960, 1964 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களிலும் 100 மீற்றர் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்றார்.

எனினும், நீச்சல் உடல் உரத்தை வளர்க்குமேயன்றி நோயை வேரறுக்காது. தடாகத்திலும் தீங்குண்டு. நீரிற் கலக்கும் குளோரின், நீந்துவோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து, மூச்சுக் குழலை உறுத்தும் வாயுவாகிறது. மூக்கைத் துளைக்கும் நெடி தூய்மையின் அடையாளமன்று. காற்றோட்டக் குறைவின், நீர் மாசின் அடையாளமே. ஆதலின் குளித்த பின்னரே நீரில் இறங்குதல் யாவர்க்கும் கடன். மலைநாட்டில் வேறொரு கவனமும் வேண்டும். நீரை விட்டு ஏறியதும் உடலைத் துவட்டி, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டே குளிரில் நடத்தல் நலம்.

நீச்சலாற் பெற்ற நன்மையை வீட்டுப் புகை கெடுத்துவிடவும் கூடும். லயத்து அறையில் விறகடுப்பின் புகை சூழுமாயின், அதை வெளியேற்ற வழி காணவேண்டும். தேயிலைத் தொழிற்சாலையிற் பறக்கும் தூசும் சிலருக்கு இந்நோயைத் தரும். இலங்கை மருத்துவர் சி. ஜி. ஊரகொட 1970ஆம் ஆண்டில் இதனை மருத்துவ இதழில் எழுதினார். தம்மை வருத்தும் தூண்டுதல் எதுவென்று அறிவதே காப்பின் முதற்படி.

மருந்து இருவகைப்படும். இழுப்பு வந்தபோது தசையை இளக்குவது ஒன்று. அன்றாடம் உறிஞ்சி, அழற்சியைத் தணிப்பது மற்றொன்று. நலமாயிருக்கும் நாளில் இரண்டாவதை நிறுத்திவிடுவதே பலர் செய்யும் பிழை. உடனடி மருந்தை மட்டுமே நம்பியிருத்தல் ஆபத்தானது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019 முதல் எச்சரிக்கிறது. வாரத்தில் இருமுறைக்கு மேல் அது தேவைப்படுமாயின், நோய் கட்டுக்குள் இல்லை என்பது பொருள். நீந்துமுன் மெல்ல உடலைப் பதப்படுத்தல் வேண்டும். முன்னதாக மருந்து உறிஞ்சுவது மருத்துவர் சொற்படி அமையட்டும். மருந்துக் குழல் வீட்டுப் பெட்டியில் இருந்து பயனில்லை. தடாகக் கரையில், நோயை அறிந்த ஒருவரின் கைக்கெட்டுமிடத்தில் இருக்கவேண்டும்.

நெஞ்சு இறுகினால் உடனே கரையேறி, நிமிர்ந்து அமர்ந்து மருந்தை உறிஞ்சவேண்டும். ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாது மூச்சுத் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, மருந்தால் தணியாவிட்டாலோ, வைத்தியசாலைக்கு விரைவதில் கணமும் தாமதித்தல் ஆகாது. தோட்டப் பாதை நெடியது. வாகனத்திற்கு வழி முன்னரே வகுத்து வைத்திருத்தல் அறிவுடைமை.

இவ்வளவும் பேணினால், ஈளை நோயுள்ள பிள்ளை கரையில் நின்று ஏங்கவேண்டியதில்லை. நீருக்கு அஞ்சுவதன்று, நோயை அறிந்து நடப்பதே அப்பிள்ளைக்குக் காப்பு.