உங்களுக்குத் தெரியுமா? கூலிக் கணக்கு கேட்டவர்கள் கொண்டுவந்த சட்டம்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்கள் ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள்! குளம் வெட்டினாலும் ரோடு போட்டாலும் குறைந்தபட்சக் கூலி கைக்கு வராது. கேட்டால், “பதிவேட்டில் வேலை குறைவு” என்பார்கள். பதிவேட்டையோ காட்ட மாட்டார்கள். 1990-ல் அருணா ராய் (சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். பதவியை உதறியவர்), நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் கிராமத்து மக்களோடு சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பைத் தொடங்கினார்கள். 1994 முதல் ஊர் நடுவே பந்தல் போட்டு, எப்படியோ கிடைத்த வருகைப் பதிவேட்டு நகல்களை உரக்க வாசித்தார்கள். அவ்வளவுதான், குட்டு உடைந்தது! வேலைக்கே போகாதவர் பெயரிலும் கூலி, இறந்தவர் பெயரிலும் கூலி, கட்டாத கட்டடத்துக்கு பில்.

1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பதே கோஷம். ராஜஸ்தானுக்குச் சட்டம் வந்தது 2000-ல். அதற்குள் 1997-லேயே தமிழ்நாடு இப்படியொரு சட்டம் இயற்றிவிட்டது. அதில் விதிவிலக்குகளின் பட்டியல்தான் கொஞ்சம் நீளம்! நாடு முழுவதற்குமான சட்டம் 2005 அக்டோபர் 12-ல் முழுமையாக அமலுக்கு வந்தது. மத்திய அரசு அலுவலகங்களில் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் கிடையாது.