புயலுக்குத் தப்பியோர் புகுந்த குடா

மாத்தளையூடாகத் திருகோணமலை செல்லும் நாம், அதன் தென்பாலுள்ள கொட்டியாரக் குடாவின் வரலாற்றையும் அறிதல் நன்று.

1659 நவம்பர் 19இல் இந்தியாவின் கீழ்க்கரையில் வீசிய கடும்புயலில், ‘ஆன்’ என்னும் ஆங்கிலப் பாய்க்கப்பலைக் காக்க, அதன் நடுப்பாய்மரத்தையே மாலுமிகள் வெட்டி வீழ்த்தினர். புதுமரம் நாட்டக் கொட்டியாரம் புகுந்தனர். குடா அவர்களைக் காற்றினின்று காத்தது. ஆனால், 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பதினாறு பேரைச் சிறைப்பிடித்தனர். மன்னனுக்கு மடலும் பரிசும் அனுப்பாமையே இதற்குக் காரணமெனக் கருதினார், அவர்களுள் ஒருவரான இளைஞர் றொபேட் நொக்ஸ். மாத்தளையும் அடங்கிய கண்டி இராச்சியத்திலே பத்தொன்பது ஆண்டுகள் கழித்த அவர், 1679இல் தப்பி, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் வெளிவந்த அவரது நூல் இந்நாட்டை மேலைநாட்டார்க்கு அறிவித்தது.

புகலிடம் தேடுவோர் துறையின் ஆழத்தை அளந்தால் மட்டும் போதாது. கரையை ஆள்வோரின் மனத்தையும் அறிதல் வேண்டும்.