காலா அசாரும் களைகளின் உவமையும்

கிறிஸ்துவுக்குள் பிரியமான பங்காளர்களே,

“பீகாரில் காலா அசார் மிகவும் குறைந்துவிட்டதாமே, ஐயா. பின் ஏன் அது இன்னும் உங்கள் ஜெபக்குறிப்பில் இருக்கிறது?” என்று நம் ஆதரவாளர்களில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

காலா அசார் என்பதற்குக் கறுப்புக் காய்ச்சல் என்று பொருள். கொசுவைவிடச் சிறிய மணல் ஈ கடிப்பதால் இது பரவுகிறது. மண்சுவர் வெடிப்புகளிலும் மாட்டுக் கொட்டிலின் ஈரத்திலும் அந்த ஈ வாழ்கிறது. ஆகவே முசஹர் போன்ற மிக ஏழை மக்களே அதிகமாய் அவதிப்படுகிறார்கள். வாரக்கணக்கில் காய்ச்சல் நீடிக்கும், உடல் இளைக்கும், மண்ணீரல் வீங்கி வயிறு பருக்கும், இரத்தம் குறையும். சிகிச்சை கிடைக்காவிட்டால் பெரும்பாலும் மரணமே முடிவு.

இந்நோயின் கிருமியை 1903இல் இருவர் தனித்தனியே கண்டு வெளியிட்டார்கள். ஒருவர் லீஷ்மன். மற்றவர் டோனோவன், நம் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றியவர். இருவர் பெயரையும் சேர்த்து அக்கிருமிக்கு ‘லீஷ்மேனியா டோனோவனி’ என்று பெயரிட்டார்கள்.

இக்கிருமி தங்கும் இடம்தான் வைத்தியர்களுக்குப் பெரிய சவால். நம் உடலுக்குக் காவலாகத் தேவன் வைத்திருக்கிற வெள்ளை அணுக்களில் ஒரு வகை, கிருமிகளை விழுங்கி, காரமான இரசாயனங்களைப் பாய்ச்சி அழித்துவிடும். லீஷ்மேனியாவோ, விழுங்கப்பட்ட பின்பும் சாகாமல், அந்தக் காவலாளியின் வயிற்றுக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது.

மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் களைகளைப் பிடுங்க ஊழியக்காரர் உத்தரவு கேட்டபோது, கோதுமையும் கூட வந்துவிடும் என்று எஜமான் தடுத்தார். உவமையின் பொருள் வேறு. ஆனாலும் வைத்தியரின் கஷ்டம் அதுவேதான். கிருமியைக் கொல்லும் விஷம் நோயாளியையும் கொல்லக்கூடும். வயலோ அறுப்புமட்டும் காத்திருக்கும். நோயாளியால் காத்திருக்க முடியாது. ஆகவே களைக்கும் கோதுமைக்கும் உள்ள வித்தியாசத்தை நுணுக்கமாய்க் கண்டுபிடித்தாக வேண்டும். அந்த வித்தியாசத்தை விஞ்ஞானிகள் கிருமியின் என்சைம்களில் தேடுகிறார்கள்.

என்சைம் அல்லது நொதி என்பது உயிரணுவுக்குள் ஒவ்வொரு வேலையையும் நடத்துகிற நுண்ணிய வேலையாள். நாம் மெல்லுகிற சோறு வாயிலேயே இனிக்கத் தொடங்குவது உமிழ்நீரிலுள்ள ஒரு என்சைமினால்தான். ஒவ்வொரு என்சைமும் ஒரு பூட்டைப் போன்றது. அதற்குரிய சாவி மட்டுமே அதில் சேரும். பொய்ச் சாவி ஒன்றைச் செய்து பூட்டை அடைத்துவிட்டால் அந்த வேலை நின்றுபோகும்.

லீஷ்மேனியாவின் பூட்டுகளில் ஒன்று மிகவும் கவனிக்கத்தக்கது. வெள்ளை அணு பாய்ச்சும் காரத்தைத் தணிக்க, ‘டிரைபனோதயோன்’ என்ற பொருளை அது கேடயமாக வைத்திருக்கிறது. 1985இல் இது கண்டறியப்பட்டது. தேய்ந்த கேடயத்தை மறுபடி புதுப்பிக்க அதற்கென ஓர் என்சைம் உண்டு. மனிதருக்கும் இதே வேலைக்கு ‘குளூட்டதயோன்’ என்ற பொருளும் தனி என்சைமும் இருக்கின்றன. இரண்டு என்சைம்களும் உறவுக்காரர்களைப் போல் ஒத்திருந்தாலும், நம் சாவி அதன் பூட்டில் சேராது. அதன் சாவி நம் பூட்டில் சேராது. களையைக் கோதுமையிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் இதோ இருக்கிறது!

ஆனாலும் இந்த என்சைமைக் குறிவைத்து உருவாக்கிய புதுமருந்து எதுவும் இதுவரை நோயாளியின் கைக்கு வரவில்லை. அந்தப் பூட்டின் வாய் அகலமானது. சிறிய மருந்து அதில் இறுக நிற்பதில்லை. மேலும் பாதி அடைத்தால் போதாது. ஏறக்குறைய முழுவதும் அடைத்தால்தான் கிருமி தளரும்.

அப்படியானால் பழைய மருந்துகள் போதாதா? அவற்றின் சரித்திரமே நமக்கு எச்சரிக்கை. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி ஆண்டிமனி என்னும் உலோகத்திலிருந்து யூரியா ஸ்டிபமின் என்ற மருந்தைத் தந்தார். திரளான உயிர்கள் பிழைத்தன. ஆண்டிமனி தாக்கும் இடங்களில் ஒன்று மேலே சொன்ன அதே என்சைம்தான் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே தெரிய வந்தது. 1990களிலோ, வட பீகாரின் சில பகுதிகளில் ஏறக்குறைய பாதி நோயாளிகளுக்கு ஆண்டிமனி ஊசி பலிக்காமல் போயிற்று. கிருமி எதிர்க்கக் கற்றுக்கொண்டது. 2002இல் இந்தியாவில் அனுமதி பெற்ற மில்டெஃபோசின் மாத்திரையும், பத்தே ஆண்டுகளில், குணமானவர்களில் சிலருக்கு நோய் திரும்புவதைக் கண்டது. கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்கவும் கூடாது.

இன்று பீகாரில் முக்கியமாகக் கைகொடுப்பது, கொழுப்புத் துளிகளில் பொதிந்து ஒரே டோஸாக நரம்பில் ஏற்றப்படும் ஆம்போடெரிசின். நம் உயிரணுவின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. கிருமியின் சவ்விலோ எர்கோஸ்டெரால். இம்மருந்து எர்கோஸ்டெராலையே அதிகமாய்ப் பற்றிக்கொள்கிறது. இங்கேயும் காப்பாற்றுவது அந்தச் சிறு வித்தியாசமே. ஆனால் இதைக் குளிர்ச்சி கெடாமல் காக்க வேண்டும், ஆஸ்பத்திரியில்தான் ஏற்ற வேண்டும், விலையும் அதிகம். ஆகவே விழுங்கும் மாத்திரை ஒன்று தேவை. கிருமியின் புரதக் கழிவை அரைக்கும் ‘புரோட்டியசோம்’ என்ற என்சைம் கூட்டத்தை அடைக்கிற எல்.எக்ஸ்.இ. 408 என்னும் மருந்து, மனிதரிடம் சோதிக்கப்படும் கட்டத்துக்கு வந்திருப்பது நம்பிக்கை தருகிறது.

இப்பொழுது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1992இல் இந்தியாவில் 77,000 பேருக்கு மேல் காலா அசார் கண்டது. 2023இல் அது ஆயிரத்துக்கும் குறைவு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஆனால் இந்நோய் முன்பும் ஒருமுறை மறைந்தது. மலேரியாவுக்காக டி.டி.டி. தெளித்த ஆண்டுகளில் காணாமற்போய், தெளிப்பது நின்றபின் 1970களில் பீகாரில் பெருங்கொள்ளையாய்த் திரும்பியது. காய்ச்சல் தீர்ந்த சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தோலில் வெளிறிய தேமல்களும் தடிப்புகளும் தோன்றுகின்றன. அவர்கள் வேதனையின்றி நடமாடுவார்கள். ஆனால் அத்தோலில் கிருமி இருக்கிறது, மணல் ஈக்கு அது போதும்.

நோயாளிகள் குறையும்போது கம்பெனிகளுக்கு லாபமும் குறைகிறது, உலகத்தின் கவனமும் குறைகிறது. அந்த வேளையில் பின்வாங்காமல் நிற்பதே சபையின் ஊழியம். ஆய்வுக்கூடத்தில் பொய்ச் சாவி தயாராகும்வரை கிராமத்தில் வாசலைக் காப்பது நம் பங்கு. காய்ச்சல் நீடிப்பவருக்கு உடனே இரத்தப் பரிசோதனை செய்வதும், தேமல் கண்டவரைத் தேடிப்போய் அழைத்து வருவதும், கூலி இழந்த குடும்பத்துக்கு அரிசி கொடுப்பதும் உங்கள் காணிக்கையினால் நடக்கிற காரியங்கள்.

ஜெபக்குறிப்புகள்:

1. குணமடைந்தவர்களுக்கு நோய் திரும்பாதிருக்க.

2. தோல் தேமல் உள்ளவர்கள் வெட்கப்படாமல் சிகிச்சைக்கு வர.

3. ஆய்வுக்கூடங்களில் பொறுமையாய் உழைக்கும் விஞ்ஞானிகளுக்கு ஞானம் கிடைக்க.

4. எளியோருக்கு எட்டும் விலையில் நல்ல மாத்திரை விரைவில் வர.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

அவருடைய பணியில் உங்கள் சகோதரன்,
ஆஸ்பத்திரி சாப்ளின்