ஒரே மனசில் உச்சமும் பள்ளமும்



ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டான். நிறுத்தாமல் பேசுவான், கையில் இருக்கிற காசையெல்லாம் செலவழிப்பான். ஆனால் அதே நாளில் அழுது, "செத்துடலாம் போல இருக்கு" என்பான். இப்படி ஒருவரைப் பார்த்தால் ஊரில் என்ன சொல்வார்கள்? "காத்து கருப்பு அடிச்சிருக்கு, மந்திரிக்கணும்" என்பார்கள். நம்ம பசங்களோ "லவ் பெயிலியர்டா" என்று சிரிப்பார்கள். இரண்டும் தவறு. இது ஒரு நோய். இதற்கு மருந்தும் உண்டு.

இருமுனை மனநோயில் மனசு சில காலம் உச்சத்துக்குப் போகும். அது மேனியா. சில காலம் பள்ளத்தில் விழும். அது மனச்சோர்வு. சிலருக்கு இரண்டும் ஒன்றாகவே வரும். இந்தக் கலப்பு நிலையை ஜெர்மானிய மருத்துவர்கள் கிரெப்பலினும் வேய்கான்ட்டும் 1899-லேயே விளக்கினார்கள். வெறும் சோர்வில் எழுந்து நடக்கவே தெம்பு இருக்காது. இங்கே சாக நினைக்கும் மனசோடு துடிதுடிக்கும் உடம்பும் சேர்ந்துகொள்கிறது. ஆபத்து அங்கேதான்.

மருந்தை டாக்டர் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்?

லித்தியம்: பேட்டரியில் இருக்கும் அதே தனிமம், உப்பு வடிவில். மேனியாவுக்கு இது உதவுவதை 1949-இல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் வெளியிட்டார். தற்கொலை அபாயத்தைக் குறைக்கக் கூடியது. ஆனால் கலப்பு நிலைக்கு இது மட்டும் பல பேருக்குப் போதாது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருக்கலாம். 1.5-ஐத் தாண்டினால் விஷமாகும். வாந்தி பேதி வந்தாலோ, வலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டாலோ அளவு ஏறிவிடும்.

வால்ப்ரோயேட்: வலிப்புக்கும் கொடுக்கும் மருந்து. கலப்பு நிலையில் லித்தியத்தைவிட இது பலருக்குக் கேட்கிறது. ஆனால் வயிற்றுப் பிள்ளையின் முதுகுத்தண்டையும் மூளையையும் பாதிக்கும் என்பதால், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குக் கூடியவரை தவிர்ப்பார்கள்.

ஓலன்ஸபின், குவெட்டியபின்: கொந்தளிப்பைச் சீக்கிரம் அடக்கும், தூக்கம் தரும். உடம்பு பெருக்கலாம், சர்க்கரை ஏறலாம். முன் சொன்ன இரண்டில் ஒன்றோடு சேர்த்துக் கொடுப்பதும் உண்டு.

இங்கேதான் நம்ம வேலை வருகிறது. நம்மில் பல பேர் வீட்டில் மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்த ஆள் நாம் ஒருவர்தான். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவதும் நாம்தான். அங்கே போய் "சோகமா இருக்காரு டாக்டர்" என்று மட்டும் சொன்னால், சோர்வு மருந்து மட்டும் கிடைக்கலாம். அது மேனியாவைக் கிளறிவிடக் கூடும். தூங்காததையும், ஓயாத பேச்சையும், சாவுப் பேச்சையும் சேர்த்தே சொல்லுங்கள். இரண்டு பக்கமும் தெரிந்தால்தான் டாக்டரால் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும்.

"சரியாயிடுச்சே" என்று மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கியே காலம் தள்ளவும் கூடாது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

காய்ச்சலுக்கு டாக்டரிடம் போக நாம் வெட்கப்படுகிறோமா? மனசுக்கு மட்டும் எதற்கு வெட்கம்?