புறாக்கூட்டில் ஒரு சல்லடை

நல்ல மாணாக்கர் யார், கடை மாணாக்கர் யார் என்று நன்னூல் வகுத்துச் சொல்வதை நம்மில் பலர் பள்ளிப் பருவத்திலேயே படித்திருப்போம். கடை மாணாக்கருக்குப் பவணந்தி முனிவர் காட்டும் உவமைகளில் ஒன்று நெய்யரி, அதாவது பன்னாடை. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடை மட்டும் பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்நூலைச் செய்யும்படி முனிவரைக் கேட்டுக்கொண்ட சீயகங்கன் கங்கர் வழிவந்தவன். ஆகவே கன்னட நாட்டுத் தமிழர்களாகிய நமக்கு நன்னூலில் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு!

இன்று நமக்கு வரும் மின்னஞ்சல்களைப் பார்த்தால் அந்த நெய்யரிதான் நினைவுக்கு வருகிறது. கோடி ரூபாய் லாட்டரி விழுந்ததாகச் சொல்லும் புரட்டுக் கடிதம் முன்னால் வந்து நிற்கிறது. வரவேண்டிய கடிதமோ குப்பைப் பெட்டியில் கிடக்கிறது.

நம் சங்கத்துக்கே இப்படி ஒரு அனுபவம் ஏற்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் கல்வி உதவித்தொகைக்கு ஒரு மாணவி மின்னஞ்சலில் விண்ணப்பம் அனுப்பியிருந்தாள். மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று எல்லாம் ஒழுங்காக இணைத்திருந்தாள். அப்போது நாம் பயன்படுத்திய இலவச அஞ்சல் சேவையின் வடிகட்டி, அதைக் குப்பை என்று தானே முடிவு செய்து ஒதுக்கிவிட்டது. முப்பது நாள் கழித்துத் தானே அழித்தும்விட்டது. அந்தப் பெண்ணின் தந்தை நேரில் வந்து கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் தொகை பங்கிடப்பட்டுவிட்டது. ஏன் ஒதுக்கினாய் என்று அந்த வடிகட்டியைக் கேட்க வழியில்லை. காரணம் சொல்லாத காவற்காரன் அவன்.

இதன் பிறகுதான், சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு சிறிய அஞ்சல் சர்வர் வைத்துக்கொள்வோம் என்று நம் இளைஞர் ஒருவர் யோசனை சொன்னார். கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்ப்பவர். நான் டிப்ளமோ படித்து ரயில்வே சிக்னல் பிரிவில் காலம் தள்ளியவன். எனக்கு எதையும் ரயில்வே பாஷையில் சொன்னால்தான் விளங்கும். அவர் பொறுமையாக விளக்கியதை, நான் புரிந்துகொண்ட விதத்தில் இங்கே எழுதுகிறேன்.

குப்பைக் கடிதம் பிறந்த கதை

ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு வலையமைப்பு வழியே மின்னஞ்சல் அனுப்பும் முறையை ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1971-ல் செய்து காட்டினார். ஏழே ஆண்டுகளில், 1978 மே மாதம், கேரி துர்க் என்ற விற்பனையாளர் தம் நிறுவனக் கம்ப்யூட்டர்களை விளம்பரம் செய்து ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். கேட்காமல் வந்த விளம்பர அஞ்சல்களுக்கு அதுவே முன்னோடி என்பார்கள். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. குப்பையும் கூடவே வந்து சேர்ந்தது.

ஆர்.எம்.எஸ். கற்றுத்தந்த பாடம்

கடிதங்களைப் பிரிப்பது நமக்குப் புதிதல்ல. ஓடும் ரயிலிலேயே தபால் பிரிக்கும் வேலை அலகாபாத்–கான்பூர் பாதையில் 1863-லேயே தொடங்கிவிட்டது. பின்னாளில் அதுவே ஆர்.எம்.எஸ். ஆயிற்று. தபால் பெட்டியின் சுவர் முழுக்கச் சிறு சிறு அறைகள் கொண்ட மர அடுக்கு இருக்கும். ஊழியர் நின்றபடியே மேல்விலாசத்தைப் பார்ப்பார். கடிதம் அந்தந்த ஊரின் அறையில் போய் விழும். 1972 ஆகஸ்ட் 15 அன்று ஆறு இலக்கப் பின்கோடு வந்தபின் இது இன்னும் எளிதாயிற்று. 570 என்று தொடங்கினால் மைசூரு, 600 என்றால் சென்னை.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பிரிப்பவர் உறையைக் கிழித்து உள்ளே படிப்பதில்லை. விலாசம் புரியாவிட்டால் கடிதத்தை வெளியே எறிவதுமில்லை. அதற்கென்று தனி அலுவலகம் இருக்கிறது. ஐயம் வந்தால் காப்பாற்று, அழிக்காதே என்பதுதான் அங்கே விதி.

சல்லடை என்ற மொழி

அந்த மர அடுக்கு அறைகளுக்கு ஆங்கிலத்தில் ‘பிஜன்ஹோல்’, அதாவது புறாப்பொந்து என்று பெயர். நம் சர்வரில் ஓடுவது ‘டவ்காட்’ என்ற இலவச மென்பொருள். பின்லாந்தின் டிமோ சிரைனன் 2002-ல் முதலில் வெளியிட்டது. டவ்காட் என்றாலும் புறாக்கூடுதான்! அதில் இணைக்கும் கடிதம் பிரிக்கும் பகுதிக்கு ஸ்டெஃபான் போஷ் என்பவர் பிஜன்ஹோல் என்றே பெயர் வைத்தார். பிரிக்கும் விதிகளை எழுதும் மொழியின் பெயர் ‘சீவ்’. தமிழில் சல்லடை. டிம் ஷோவால்டர் எழுதிய இதன் இலக்கணம் 2001 ஜனவரியில் வெளியாகி, 2008-ல் திருத்தப்பட்டது.

விதிகள் மிக எளியவை. ‘பொருள் வரியில் சந்தா என்ற சொல் இருந்தால், சந்தா அறையில் போடு.’ ‘அனுப்பியவர் செயற்குழு உறுப்பினர் என்றால், கூட்டக் குறிப்பு அறையில் போடு.’ ‘அளவு இவ்வளவுக்கு மேல் போனால் தனியே வை.’ வைத்துக்கொள், அறையில் போடு, வேறொருவருக்கு அனுப்பு, எறிந்துவிடு. ஏறக்குறைய இவ்வளவுதான் அதன் கட்டளைகள்.

இந்த மொழியைச் செய்தவர்கள் அதன் கைகளை வேண்டுமென்றே கட்டிப்போட்டிருக்கிறார்கள். அதன் அடிப்படை இலக்கணத்தில் ஒரு வேலையைச் சுற்றிச் சுற்றிச் செய்யும் வசதி கிடையாது. வேறு புரோகிராமை இயக்கும் வசதியும் கிடையாது. ஆயிரம் பேர் பங்குபோடும் சர்வரில் ஒருவர் தவறான விதி எழுதினாலும் மற்றவர் தலையில் இடி விழக்கூடாது அல்லவா?

அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. எந்த விதியும் பொருந்தாவிட்டாலும், விதியை ஓட்டும்போது கோளாறு ஏற்பட்டாலும், கடிதம் தானாகவே வழக்கமான பெட்டியில் வந்து சேர வேண்டும் என்பது அதன் சட்டம். கைகாட்டி மரத்தில் நாங்கள் கடைப்பிடித்த நெறியும் இதுவே. கம்பி அறுந்தால் கை தானாகப் படுத்து ‘நில்’ என்று காட்டும். ‘போ’ என்று காட்டாது. பழுது வந்தால் பாதுகாப்பான பக்கம் சாய வேண்டும். உதவித்தொகை கேட்ட பெண்ணின் கடிதத்தை விழுங்கிய வடிகட்டிக்கு இந்த நெறி இல்லாமல் போயிற்று.

சோதனை ஓட்டம்

சாதாரணமாகச் சல்லடை வேலை செய்வது கடிதம் வந்து விழும் நேரத்தில். ஏற்கெனவே பெட்டியில் குவிந்து கிடக்கும் பழைய கடிதங்களை என்ன செய்வது? அதற்காக, பழைய கடிதங்களின் மீதும் விதிகளை ஓட்டிப் பார்க்கும் இணைப்பு ஒன்றையும், கட்டளை வரிசையில் இயங்கும் கருவி ஒன்றையும் பிஜன்ஹோல் குழுவினர் தந்தார்கள். இவை சோதனை நிலையில் உள்ளவை என்று அவர்களே எச்சரித்திருந்தார்கள். முக்கியமான கடிதங்களுக்கு நகல் எடுத்துக்கொண்டு பிறகு பயன்படுத்துங்கள் என்றும் கருவியின் குறிப்பில் எழுதியிருந்தார்கள்.

நம் இளைஞர் முதலில் முழுப் பெட்டிக்கும் நகல் எடுத்தார். பிறகு கருவியை ஓட்டினார். தனியாகச் சொன்னாலொழிய அது ஒரு கடிதத்தையும் தொடாது. என்ன செய்திருப்பேன் என்று பட்டியல் மட்டும் போடும். புதுப் பாதையில் பயணிகளை ஏற்றுமுன் வெறும் வண்டி விட்டுப் பார்ப்பது போல.

அந்தப் பட்டியல் நம்மைக் காப்பாற்றியது. ‘பரிசு’ என்ற சொல் இருந்தால் எறிந்துவிடலாம், லாட்டரிப் புரட்டு ஒழியும் என்று உறுப்பினர் ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். பட்டியலைப் பார்த்தால், குழந்தைகளின் கட்டுரைப் போட்டிப் பரிசுகள் பற்றிய கடிதங்கள் அத்தனையும் ‘எறி’ என்ற தலைப்பின் கீழ் நின்றன! அந்த விதியை அன்றே கைவிட்டோம். இப்போது நம் விதிகளில் ‘எறி’ என்ற கட்டளையே இல்லை. ஐயத்துக்குரியவை ஒரு தனி அறைக்குப் போகின்றன. வாரம் ஒருமுறை ஒரு மனிதர் அதைப் பார்க்கிறார்.

தமிழுக்கே உரிய சிக்கல்

இன்னொன்றும் கண்டோம். ‘பொங்கல்’ என்ற சொல்லைத் தேடும் விதி சில கடிதங்களைத் தவறவிட்டது. பார்வைக்கு வேறுபாடே இல்லை. காரணம் யூனிகோடில் இருக்கிறது. ‘பொ’ என்பதில் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சல்லடையோ எண்களைத்தான் ஒப்பிடுகிறது. இரண்டு வடிவத்தையும் விதியில் சேர்த்த பிறகு சரியாயிற்று. கோவில், போட்டி, கௌரவம் என எத்தனையோ சொற்களுக்கு இதே கதிதான். இதை ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் கண்டுபிடிக்க வாய்ப்பில்லை. தமிழ் எழுதுபவர்தான் கவனிக்க வேண்டும்.

உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள். சங்கத்துக்கு எழுதும்போது பொருள் வரியைக் காலியாக விடாதீர்கள்; சந்தா, விண்ணப்பம், நிகழ்ச்சி என்று ஒரு சொல்லாவது எழுதுங்கள். வீட்டிலும் மாதம் ஒருமுறை குப்பைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ்ச் சான்று காலாவதியாகிவிட்டது, இங்கே அழுத்துங்கள் என்று வரும் கடிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அழுத்தாதீர்கள். வங்கிக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

சல்லடை எவ்வளவு நன்றாக இருந்தாலும், தானியத்தைக் கையால் ஒருமுறை அளைந்து பார்க்காத வீட்டில் சோற்றில் கல் கடிக்கத்தான் செய்யும். உதவித்தொகை விண்ணப்பங்கள் வரும் மாதத்தில் அந்தத் தனி அறையை வாரம் ஒருமுறை அல்ல, தினமும் பார்ப்பதென்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அந்தப் பொறுப்பை ஏற்க முன்வரும் உறுப்பினர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.