அம்பாசடரே, கொஞ்சம் வாயை மூடேன்!

"தம்பி... குன்றக்குடியில நிறுத்து. முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போவோம்!"

பின்சீட்டிலிருந்து அப்பத்தா சொன்னது இது. முன்சீட்டில் ஸ்டியரிங் பிடித்திருந்த பேரன் காதில் விழுந்ததோ, 'கடகடகட... டங்!' மட்டும்தான். பிள்ளையார்பட்டி கோபுரம் தெரிந்த பிறகுதான் வண்டி நின்றது.

"மலை மேல இருக்கிறவனுக்கே கேட்டிருக்கும். மூணடி முன்னால உட்கார்ந்திருக்கிற உனக்குக் கேக்கலையாடா?" என்றார் அப்பத்தா. இறங்கியதும் இன்னொன்றும் சொன்னார்... "இனிமே நான் பஸ்லயே வந்துக்கிறேன்."

நண்பன் முகம் செத்துவிட்டது.

வண்டி, 1968-ம் வருஷத்து அம்பாசடர் மார்க்-2. ஐயா, அதாவது நண்பனின் தாத்தா, புதுசாக வாங்கியது. பல வருஷம் காரைக்குடி வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கிக் கிடந்ததை எழுப்பி, டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துச் சேர்த்து... ஒரு வருஷ வேலை. பார்க்க மாப்பிள்ளை மாதிரி நின்றது. உள்ளே உட்கார்ந்தால்தான் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு ஓசை!

இதில் வீட்டு அரசியல் வேறு. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த தம்பிக்காரன், "அப்பத்தாவுக்காகத்தானே இவ்வளவு செலவும்? அவுகளே ஏற மாட்டேன்னுட்டாக. பேசாம குடுத்துடலாம்ணே" என்று ஆரம்பித்துவிட்டான். காரைக்குடியில் பழசை விற்பது பெரிய விஷயமா என்ன? முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து பாருங்கள். யாரோ ஒருவரின் வீட்டுக் கதவும், தூணும், பீங்கான் சாமானும் வெயிலில் காய்ந்துகொண்டு நிற்கும். அந்த வரிசையில் ஐயாவின் காரும் போய் நிற்க வேண்டியதுதானா?

'லீவு முடிவதற்குள் சத்தத்தை அடக்கு, இல்லையென்றால் வண்டியை அனுப்பு' என்பது ஒப்பந்தம். சாட்சி, நான்.

முதலில் கேள், பிறகு மூடு!

நண்பன் நேரே குஷன் கடைக்குக் கிளம்பினான், தரை முழுக்க கெட்டியாக மெத்தை போட்டுவிடலாம் என்று. வழிமறித்தவர் மெக்கானிக் அண்ணன்.

"சத்தம்னா வண்டி நம்மகிட்ட பேசுதுன்னு அர்த்தம். என்ன சொல்லுதுன்னு முதல்ல கேளுங்க. அப்புறம் வாயை மூடலாம்."

நெஞ்சுவலிக்குத் தைலம் தடவிவிட்டுப் படுத்துக்கொள்வதில்லையே, அதே நியாயம்தான். வண்டி நிற்கும்போதே இன்ஜினை ரேஸ் செய்து பார்த்தார். வருகிற சத்தம் இன்ஜின், சைலன்சர் கணக்கில். பிறகு ஆளில்லாத ரோட்டில் ஓடும் வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார் (இன்ஜினை அணைக்கவில்லை, ஞாபகமிருக்கட்டும்!). அப்போதும் குறையாத சத்தம் டயர், வீல் பேரிங், பட்டை, ரோடு கணக்கில்.

வளைவில் திரும்பும்போது மட்டும் கூடிக் குறைகிற உறுமல் இருந்தால், வீல் பேரிங்கை உடனே பார்க்க வேண்டுமாம். அதை மெத்தை போட்டு மறைத்தால் ஒருநாள் வீலே கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடும்!

நம்ம வண்டியில் பின் பட்டையின் ரப்பர் புஷ்கள் தேய்ந்து, இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்தது. இன்ஜின் மவுன்டிங் ரப்பர் கல்லாகியிருந்தது. சைலன்சரைத் தாங்கும் ரப்பரைக் காணவே காணோம், கம்பி கட்டியிருந்தார்கள். அம்பாசடரில் பாடியும் அடிச்சட்டமும் ஒரே கூடு. எங்கே தட்டினாலும் வீடு முழுக்கக் கேட்கும். இவற்றை மாற்றியதிலேயே அந்த 'டங்' போய்விட்டது.

ஒரே ஒரு சதவிகிதம்!

அடுத்தது ஓட்டை. சத்தம் தண்ணீர் மாதிரி. இடுக்கு கிடைத்தால் போதும். ஒரு சுவரில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி 99 பங்கைக் கோட்டைச் சுவர் மாதிரி கட்டினாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. இது எளிய கணக்கு.

கதவில் ஒரு துண்டுப் பேப்பரை வைத்துச் சாத்திவிட்டு இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் கையோடு வந்தால், அங்கே பீடிங் ரப்பர் சரியில்லை. எங்களுக்கு நாலு கதவிலும் பேப்பர் 'சர்ர்' என்று வந்தது! இன்ஜினுக்கும் நமக்கும் நடுவே உள்ள தகரச் சுவரிலும் ஒயர் போகிற துளை, பெடல் துளை என்று ஏகப்பட்ட ஜன்னல்கள். எல்லாவற்றுக்கும் புது ரப்பர் போட்டோம்.

தட்டும் விரலும்

ஓர் எவர்சில்வர் தட்டை நகத்தால் சுண்டுங்கள். 'ணங்ங்ங்' என்று பாடும். சுண்டிக்கொண்டே நடுவில் ஒரு விரலை வையுங்கள். 'ணக்' என்று அடங்கிவிடும். தட்டின் கனம் கூடவில்லை. அதிர்வுதான் செத்தது.

கார் தரையும் கதவுத் தகரமும் பெரிய தட்டுகள்தான். அந்த விரலின் வேலையைச் செய்வதுதான், பின்னால் அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட். தகரம் அதிர்ந்தால் நடுவிலுள்ள ரப்பர் நசுங்கி இழுபட்டு, அந்த அதிர்வை லேசான சூடாக மாற்றிவிடுகிறது.

தகரம் முழுக்க ஒட்ட வேண்டுமா? பி.காம். படித்தவனுக்கு இங்கேதான் வேலை. 'குறைந்துசெல் பயன்பாட்டு விதி' என்று காலேஜில் உருப்போட்டேனே, அது காரிலும் வேலை செய்கிறது! ஒவ்வொரு தகரத்திலும் நடுவில் கால்வாசி இடத்துக்கு ஒட்டினாலே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அதற்கு மேல் ஒட்ட ஒட்டச் செலவும் கனமும்தான் ஏறும். கனத்தை மட்டுமே நம்பினாலோ, தகரத்தின் எடையை இரட்டிப்பாக்கினால்தான் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைக் காருக்குள் கட்ட முடியுமா?

சிக்கனம் என்று மொட்டை மாடிக்குப் போடுகிற தார் ஷீட்டை ஒட்டிவிடாதீர்கள். எங்க ஊர்ச் சித்திரை வெயிலில் அது இளகி, நாறி, உங்களையே வண்டியைவிட்டு இறக்கிவிடும்.

துருவுக்கு விருந்து வைக்காதீர்கள்

கடைசியாகத்தான் மெத்தை. ஃபெல்ட்டும் ஸ்பான்ஜும் உள்ளே வந்துவிட்ட சத்தத்தைக் குடிக்கும். தண்ணீரையும் குடிக்கும், அதுதான் ஆபத்து! ஈர ஃபெல்ட்டுக்கு அடியில் தரைத் தகரம் சத்தமில்லாமல் அப்பளமாகிவிடும். துருவை ஆராய்வதற்கென்றே பெரிய விஞ்ஞானிகள் இருக்கிற ஊர் எங்களுடையது. அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அந்த ஊரிலேயே காரைத் துருப்பிடிக்க விட்டால் மானம் போகாதா? அதனால் தகரத்தைச் சுரண்டி, பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஒட்டினோம். கதவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற துளைகளை மட்டும் மூடவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்காக 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு 'வின்டேஜ்' என்று பதியலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய் என்று அப்போது வைத்தார்கள். சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. ஷீட்டும் ஃபெல்ட்டும் ஒட்டுவது அந்தக் கணக்கில் வராது, கழற்றினால் பழைய வண்டிதான்.

ஆனால் ஒரு சிக்கல். அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி என்று போகலாமே தவிர, அன்றாடம் ஓட்டக் கூடாது. கோயிலுக்குப் போகணும் என்றால் சாதாரண ஆர்.சி.யையே 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்து வைத்துக்கொள்வதுதான் வழி. எங்க அம்பாசடர் இரண்டாவது வழியில் போனது.

மறுபடியும் பிள்ளையார்பட்டி

1958-ல் டேவிட் ஓகில்வி ஒரு புகழ்பெற்ற விளம்பரம் எழுதினார். 60 மைல் வேகத்திலும் ரோல்ஸ்ராய்ஸுக்குள் கேட்கிற பெரிய சத்தம் கடிகாரத்தினுடையதுதானாம்! எங்க வண்டி அந்த ரகமல்ல. கடிகாரமே ஓடவில்லை. ஆனாலும் சத்தம் 'கடகட'விலிருந்து 'குறுகுறு'வுக்கு இறங்கியிருந்தது.

அப்பத்தாவைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றினோம். குன்றக்குடியில் சொன்னபடி நிறுத்திக் கும்பிட்டாயிற்று. மறுபடி கிளம்பியதும் தம்பிக்காரன் பழக்கதோஷத்தில் அண்ணன் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தான்... "நல்லாத்தான் இருக்கு. இப்பக் குடுத்தா இன்னும் நல்ல விலை போகும்ணே."

பின்சீட்டிலிருந்து சாவதானமாக ஒரு குரல் வந்தது.

"குடுக்கிறதா இருந்தா என்னையும் சேர்த்துக் குடுத்துருங்கடா. ரெண்டும் உங்க ஐயா கொண்டாந்ததுதான்."

அதற்குப் பிறகு பிள்ளையார்பட்டி வரைக்கும் காருக்குள் துளி சத்தமில்லை!